லொவாட் பிரபுவின் முதுசம்

2018 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ஸ்கொட்லாந்தின் இன்வெர்னஸ் நகரில் ஒரு கூட்டம் நடைபெற்றது. தடயவியல் மானிடவியலாளரான பேராசிரியர் சூ பிளாக், சவப்பெட்டி ஒன்றினுள் கிடந்த எலும்புகள் யாருடையவை என்பதை அங்கு அறிவித்தார். இன்வெர்னஸுக்கு அண்மையிலுள்ள கேர்க்ஹில் கிராமத்தின் வோர்ட்லோ கல்லறை மண்டபத்தில் இருந்த ஈயப் பெட்டி அது. 1747 இல் இலண்டனில் தலை துண்டிக்கப்பட்ட லொவாட் பிரபு சைமன் பிரேசரின் உடல் அதற்குள் இருப்பதாகத் தலைமுறை தலைமுறையாக ஒரு நம்பிக்கை. அரசாங்கம் இலண்டன் கோபுரத்துத் தேவாலயத்தில் அடக்கம் செய்ததாகச் சொன்ன உடலை, குலத்தவர்கள் இரகசியமாக மாற்றியெடுத்துச் சொந்த ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்பது கதை. பெட்டிக்குள் தலை இல்லாததால் கதைக்கு வலு வேறு கூடியிருந்தது. பேராசிரியர் அறிவித்த முடிவோ வேறு: அந்த எலும்புகள் இருபத்தைந்துக்கும் முப்பத்தைந்துக்கும் இடைப்பட்ட வயதுடைய ஒரு பெண்ணினுடையவை.

இந்தச் செய்தி உலகெங்கும் ஒரு வேடிக்கைச் செய்தியாகவே வெளிவந்தது. 'கிழட்டு நரி' என்று பெயர் வாங்கியவர் செத்தும் ஏமாற்றிவிட்டார் என்ற தொனியில் பலர் எழுதினார்கள். 'அவுட்லாண்டர்' என்ற நாவல் வரிசையிலும் அதன் தொலைக்காட்சித் தொடரிலும் கதாநாயகன் ஜேமி பிரேசர் இந்த லொவாட்டின் பேரனாகப் படைக்கப்பட்டிருப்பதால், சைமன் பிரேசருக்கு இப்போது ஒரு புதிய இரசிகர் கூட்டமும் உண்டு. சூழ்ச்சிக்காரர், பேச்சு வல்லவர், கொலைக்களத்திலும் நகைச்சுவை மாறாதவர் என்றெல்லாம் அவரைச் சித்திரிப்பது வழக்கமாகிவிட்டது. எனக்கு அந்தச் சித்திரம் உவப்பானதல்ல. அது பொய் என்பதால் அல்ல. அவர் சூழ்ச்சிக்காரர்தான், பேச்சு வல்லவர்தான். ஆனால் அந்தக் கவர்ச்சிக்கான விலையை யார் யார் கொடுத்தார்கள் என்ற கணக்கை அந்தச் சித்திரம் மறைத்துவிடுகின்றது. அந்தக் கணக்கைப் பார்க்க வேண்டுமானால், ஜேம்ஸ் மன்னர், ஜோர்ஜ் மன்னர் என்ற அரசியலிலிருந்து தொடங்காமல், ஒரு காணி உறுதியிலிருந்து தொடங்க வேண்டும்.

லொவாட் பிரபுக்கள் ஸ்கொட்லாந்தின் வடக்கு மலைப்பிரதேசத்தில், இன்வெர்னஸுக்கு மேற்கே பரந்த நிலத்துக்கு உடையவர்கள். பிரேசர் குலத்தின் தலைமையும் அவர்களுடையதே. அக்காலத்துக் குலத் தலைவர் என்பவர் வெறும் நிலச்சுவாந்தர் அல்லர். வாரம் வாங்குபவரும் அவரே, வழக்குத் தீர்ப்பவரும் அவரே, போருக்கு வா என்றால் குத்தகைக்காரன் வாளை எடுத்துக்கொண்டு வரவேண்டியதும் அவருக்காகவே. ஆகவே நிலம் யாருக்கு என்ற கேள்வி, எத்தனை நூறு ஆண்களை யார் களத்தில் இறக்குவார் என்ற கேள்வியுமாகும். எடின்பறோவிலும் இலண்டனிலும் இருந்தவர்கள் ஒரு குடும்பத்தின் வாரிசுத் தகராறில் இவ்வளவு அக்கறை காட்டியதன் இரகசியம் இதுவே.

ஒன்பதாவது லொவாட் பிரபு ஹியூ பிரேசர், 1685 இல் அதோல் மார்க்கிஸின் மகளான அமீலியா மரேயை மணந்தார். அதோல் குடும்பம் பேர்த் பகுதியில் பெரும் செல்வாக்குள்ள மரே வம்சம். திருமண ஒப்பந்தத்தின்படி, ஆண் வாரிசு இல்லாவிட்டால் சொத்து மூத்த மகளைச் சேரும். அவள் பிரேசர் என்ற பெயருடைய ஒருவரை மணக்க வேண்டும் என்பது நிபந்தனை. தம்பதியருக்குத் தங்கியவை பெண் பிள்ளைகளே. மூத்தவளுக்கும் தாயின் பெயரே, அமீலியா.

ஹியூவின் பாட்டனாருக்குத் தம்பி ஒருவர் இருந்தார்: போஃபோர்ட் தோமஸ் பிரேசர். இந்தத் தோமஸின் மகன்தான் நமது சைமன். 1667 அளவில் பிறந்து, அபர்டீனில் பட்டம் பெற்று, இலத்தீனிலும் பிரெஞ்சிலும் தேர்ந்தவர். சட்டத்தில் மகள் வழி இருக்கலாம். ஆனால் குலத்தின் தலைமை ஆண் வழிக்கே உரியது என்று வாதாடுவதற்கு அவருக்கு ஆள் தேவைப்படவில்லை. மனத்திடம் குறைந்த ஹியூவின் பின்னால் நிழல்போல் திரிந்து, 1696 மார்ச்சில் பழைய ஒப்பந்தத்துக்கு மாறாக ஒரு புதிய உறுதியை எழுதுவித்துக்கொண்டார். அதன்படி முதுசம் மகளுக்கல்ல, தோமஸுக்கு. அதே ஆண்டு செப்டெம்பரில் ஹியூ இறந்தார்.

இங்கிருந்து இரண்டு உறுதிகள், இரண்டு கட்சிகள். ஒரு பக்கம் தோமஸும் சைமனும். மறுபக்கம் விதவை அமீலியாவும், பத்து வயதளவிலிருந்த சிறுமி அமீலியாவும், அவர்களுக்குப் பின்னால் மரே வம்சமும். விதவையின் சகோதரரான டலிபார்டின் ஏர்ல் அப்போது ஸ்கொட்லாந்துக்கான அரசுச் செயலாளர். வழக்காளியின் அண்ணனே மந்திரி என்றால் நீதி எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சைமன் உணராமலிருக்கவில்லை. இதை அவருக்குச் சாதகமாகச் சொல்லத்தான் வேண்டும். மரேக்கள் சிறுமியின் உரிமைக்காகத் துடித்தவர்கள் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. பெண்ணைத் தமக்கு வசதியான மாப்பிள்ளைக்குக் கொடுத்து நிலத்தைத் தம் பிடிக்குள் கொண்டுவருவதே அவர்களது நோக்கம். சைமனும் முதலில் அந்தச் சிறுமியைத் தானே மணந்து சிக்கலைத் தீர்க்கத்தான் முயன்றார். அது கைகூடவில்லை.

அடுத்து நடந்ததை, அவரது இரசிகர்கள் ஒரு வரியில் தாண்டிச் செல்வதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன்.

1697 ஒக்டோபரில், சிறுமியைத் தன் மகனுக்குக் கேட்டு வந்த சோல்ற்றன் பிரபுவைச் சைமனின் ஆட்கள் வழிமறித்துப் பிடித்தார்கள். அவரை அடைத்துவைத்த வீட்டின் சன்னலுக்கு எதிரே தூக்குமரம் நாட்டினார்கள். இனிக் கலியாணப் பேச்சே எடுக்கமாட்டேன் என்று அவர் உறுதி சொன்ன பின்னரே விட்டார்கள். சிறுமி கைக்கெட்டவில்லை, தாய்வழிச் சுற்றத்தார் அவளை அப்புறப்படுத்திவிட்டார்கள். ஆகவே சைமன் தாயிடம் போனார். டூனி மாளிகையை வளைத்து, ஒரு போதகரைக் கொண்டுவந்து, விதவை அமீலியாவைப் பலவந்தமாகத் தமக்கு மணம் செய்வித்துக்கொண்டார். அன்றிரவே அவளது ஆடைகள் கத்தியால் கிழிக்கப்பட்டன. அவளது அலறல் வெளியில் கேளாதவாறு அடுத்த அறையில் பாக்பைப் ஊதப்பட்டது. இவை பின்னர் நீதிமன்றத்தில் எடுத்துரைக்கப்பட்ட குற்றச்சாட்டுகள். விதவையின் சீவிய உருத்தும் மரே வம்சத்தின் உறவும் ஒரே இரவில் தன் கைக்கு வந்துவிடும் என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். பிற்காலத்தில் எழுதிய நினைவுக் குறிப்புகளில், அந்த அம்மையாரைத் தாம் ஏன் விரும்பப் போகிறோம், அவர் தம்மைவிட மூத்தவர், அழகில்லாதவர் என்ற பாணியில் மறுப்புக் கூறியுள்ளார். நீதிமன்றச் செய்திகளை எழுதிப் பழகியவர்களுக்கு இந்தப் பாணி மறுப்பு புதிதல்ல. குற்றம் நடக்கவில்லை என்பதற்கு அது சான்றாகாது. குற்றம் சாட்டப்பட்டவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு மட்டுமே சான்று.

1698 இல் தந்தையும் மகனும் இன்னும் பலரும் நேரில் இல்லாமலே இராசத்துரோகக் குற்றவாளிகளாக்கப்பட்டு மரண தண்டனை விதிக்கப்பட்டார்கள். ஒரு குடும்பத் தகராறை இராசத்துரோகமாக்கியது டலிபார்டினின் கைவண்ணம். அதையும் மறுப்பதற்கில்லை. மலைக்காடுகளில் ஒளிந்து திரிந்த தோமஸ் விரைவில் இறந்துபோனார். சைமன் தம்மைப் பதினோராவது லொவாட் பிரபு என்று அழைத்துக்கொண்டார். 1700 இல் வில்லியம் மன்னர் இராசத்துரோகத்துக்கு மட்டும் மன்னிப்பு வழங்கினார். விதவைக்கு இழைத்த குற்றத்துக்கு மன்னிப்பில்லை. அந்த வழக்கில் அவர் தோன்றாமையால் 1701 இல் சட்டத்துக்குப் புறம்பானவராக அறிவிக்கப்பட்டார். 1702 இல் எடின்பறோ நீதிமன்றம் நிலம் மகள் அமீலியாவுக்கே என்று தீர்த்தது. அவள் அதே ஆண்டு பிரெஸ்டன்ஹோல் என்ற நீதிபதியின் மகனான அலெக்சாண்டர் மக்கென்சியை மணந்தாள். ஒப்பந்த நிபந்தனைக்காக மாப்பிள்ளை தம் பெயரை பிரேசர் என்று மாற்றிக்கொண்டு, 'பிரேசர்டேல் பிரேசர்' ஆனார்.

சைமன் பிரான்சுக்கு ஓடினார். அங்கே நாடு கடந்திருந்த ஸ்டுவர்ட் அரச குடும்பத்திடம் தம்மை ஒப்படைத்தார். அக்குடும்பத்தின் ஆதரவாளர்களை ஜக்கோபைற்றுகள் என்பார்கள். 1703 இல் கிளர்ச்சிக்கு ஆள் சேர்க்கும் தூதராக ஸ்கொட்லாந்துக்குத் திரும்பியவர் என்ன செய்தார் என்பதைப் பாருங்கள். ஸ்டுவர்ட் அரசியார் பெயர் குறிப்பிடாமல் எழுதிக் கொடுத்த கடிதம் ஒன்று அவர் கையில் இருந்தது. அதில் அதோலின் பெயரைத் தாமே எழுதி, 'இதோ, அதோல் இராசத்துரோகி' என்று அரசாங்கத்தின் ஆணையாளரான குவீன்ஸ்பெரி கோமகனிடம் கொண்டுபோய்க் காட்டினார். அதோல் யார்? அதே டலிபார்டின்தான், அந்த ஆண்டிலேயே கோமகனாக உயர்த்தப்பட்டவர். சதி அம்பலமானதில் குவீன்ஸ்பெரியின் பதவி ஆட்டங்கண்டது, ஸ்கொட்லாந்தின் அரசியலே சில காலம் குழம்பியது. வரலாற்று நூல்கள் இதை 'ஸ்கொட்லாந்துச் சதி' என்று தலைப்பிட்டு ஆராய்கின்றன. என் பார்வையில் அது காணி வழக்கின் இன்னொரு தவணை.

பிரான்சுக்கு மீண்ட அவரை அங்குள்ளோர் நம்பவில்லை. முதலில் அங்கூலேம் கோட்டையிலும் பின்னர் சோமூர் நகரிலுமாகப் பத்தாண்டுகளுக்கு மேல் காவலில் கழித்தார். 1714 இல் அவரைத் தேடிக் கடல்கடந்து போய் மீட்டு வந்தவர் குலத்தைச் சேர்ந்த மேஜர் ஜேம்ஸ் பிரேசர் என்பவர். இந்த மனிதர் பின்னர் தம் அனுபவத்தை எழுதி வைத்தார். 1889 இல்தான் அது அச்சேறியது. தலைவருக்காக உயிரைப் பணயம் வைத்தவர், முதுமையில் அதே தலைவரால் ஒதுக்கப்பட்டுக் காணித் தகராறில் அல்லற்பட்ட கதை அதில் இருக்கிறது. சைமனின் சொந்த நினைவுக் குறிப்புகளைப் படிப்பவர்கள், பக்கத்தில் இதையும் வைத்துப் படிக்க வேண்டும்.

1715 இல் மார் ஏர்ல் ஜக்கோபைற் கொடியை உயர்த்தினார். நிலத்தை வைத்திருந்த பிரேசர்டேல் கிளர்ச்சியாளர் பக்கம் போனார், குலத்தின் சில நூறு பேரையும் கூட்டிக்கொண்டு. சைமனுக்கு வேறென்ன வேண்டும்? பல ஆண்டுகள் ஸ்டுவர்ட்டுகளின் சோற்றைத் தின்றவர் மறுநாளே ஜோர்ஜ் மன்னரின் விசுவாசியானார். அவர் ஊர் திரும்பிய செய்தி கேட்டவுடன் பிரேசர்கள் மாரின் முகாமை விட்டு வெளியேறித் தம் தலைவரிடம் வந்துவிட்டார்கள். நவம்பரில் இன்வெர்னஸ் அரசாங்கத்தின் கைக்கு வந்ததில் அவருக்குப் பெரும்பங்கு. 1716 இல் முழு மன்னிப்பும், பிரேசர்டேலிடமிருந்து பறிக்கப்பட்ட சீவிய உருத்தும் அவருக்குப் பரிசாகக் கிடைத்தன.

இதற்குப் பின் வாழ்நாளின் பெரும்பகுதியை வழக்கறிஞர்களோடு கழித்தார். 1730 இல் லொவாட் பட்டம் ஆண் வழிக்கே உரியது, ஆகவே அவருக்கே உரியது என்று எடின்பறோ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1733 இல் பிரேசர்டேலின் மகனுக்குப் பெருந்தொகை கொடுத்து நிலத்தின் மீதான எஞ்சிய உரிமையையும் வாங்கிக்கொண்டார். ஆக, 1697 இல் ஒரு பெண்ணின் மேல் நடத்திய வன்செயல் பெற்றுத் தராததை, நீதிமன்றமும் பணமும் முப்பத்தாறு ஆண்டுகளில் பெற்றுக் கொடுத்தன. அந்தப் பெண்ணோ அவரோடு ஒருநாளும் வாழவில்லை. 1743 வரை உயிரோடிருந்தார். அவர் இருக்கையிலேயே சைமன், நடந்த கலியாணம் கலியாணமே அல்ல என்ற நிலைப்பாட்டில், மேலும் இருமுறை மணம் புரிந்தார். முதலில் மார்கரெட் கிராண்ட். அவர் இறந்தபின் 1733 இல் பிரிம்ரோஸ் கம்பெல். இரண்டாமவர் அவருடைய கொடுமை தாளாது சில ஆண்டுகளில் பிரிந்து போனார். 1732 இல் கிரேஞ்ச் சீமாட்டி என்ற பெண்மணியைக் கணவரே ஆள் வைத்துக் கடத்தி, பின்னர் சென்ற் கில்டா தீவில் கொண்டுபோய் அடைத்த கொடுஞ்செயலிலும் லொவாட்டின் ஆட்களுக்குப் பங்கு இருந்ததாக அக்காலத்திலேயே பேச்சு அடிபட்டது. அவர் மறுத்தார்.

எல்லாம் கைவந்த பின் மனிதர் அமைதியாக இருந்திருக்கலாமே என்று எவருக்கும் தோன்றும். அவரால் இயலவில்லை. 1725 முதல் அரசாங்கம் அவரிடம் கொடுத்திருந்த சுதந்திரப் படைப் பிரிவின் தலைமையை அந்தப் பதின்மத்தின் அடுத்த பதின்மம் முடியுந் தறுவாயில் திரும்பப் பெற்றது. அந்த மனக்கசப்பும், ஜக்கோபைற்றுகள் காட்டிய கோமகன் பட்டமும் சேர்ந்து அவரை மீண்டும் பழைய பக்கத்துக்கு இழுத்தன. ஆனால் இம்முறை இழப்பதற்குச் சொத்து இருந்தது. எனவே 1745 இல் சார்ள்ஸ் எட்வேர்ட் ஸ்டுவர்ட் கரையிறங்கியபோது, இரண்டு பக்கமும் பந்தயம் கட்டினார். தாம் வீட்டில் நோயாளியாக இருந்துகொண்டு, மூத்த மகன் சைமனைக் குலத்தின் படையோடு அனுப்பினார். மகனுக்கு வயது பத்தொன்பது. அதே வேளையில் நீதிமன்றத் தலைவரான டங்கன் போர்ப்ஸுக்கு எழுதிய கடிதங்களில், சொற்கேளாத பிள்ளை தன் எண்ணப்படி போய்விட்டான், கிழவன் நான் என்ன செய்வேன் என்று புலம்பினார். கிளர்ச்சி வென்றால் தந்தைக்குக் கோமகன் பட்டம். தோற்றால் மகனுக்குத் தூக்கு, தந்தையிடம் நிலம். இதுதான் கணக்கு.

இவருடைய குற்றங்களுள் எதை மன்னித்தாலும் இதை மன்னிக்க என்னால் இயலவில்லை. முதுசத்தைக் காப்பதே வாழ்வின் இலட்சியம் என்றால், அது யாருக்காக? அடுத்த தலைமுறைக்காகத்தானே. அந்த அடுத்த தலைமுறையையே காப்புறுதியாக வைத்த தந்தை இவர். இரண்டு ஆண்டுகள் கழித்து நடந்த விசாரணையில் இவருடைய சொந்தச் செயலாளர்களே சாட்சிக் கூண்டில் ஏறி, போக விரும்பாத மகனைத் தந்தையே நெருக்கி அனுப்பினார் என்று சொன்னார்கள்.

1746 ஏப்ரல் 16 ஆம் திகதி குலொடன் சமவெளியில் ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. அங்கே இறந்த பிரேசர்களின் எண்ணிக்கை பெரிது. தோற்று ஓடிய இளவரசரைக் கிழவர் அன்றிரவு கோர்த்துலெக் என்ற இடத்தில் சந்தித்தார். டூனி மாளிகை எரிக்கப்பட்டது. நடக்கவும் இயலாத நிலையில் மோரார் ஏரியின் தீவொன்றில் ஒளிந்திருந்தவரை ஜூன் மாதத்தில் படையினர் பிடித்துப் பல்லக்கில் வைத்து இலண்டனுக்குக் கொண்டு சென்றார்கள். வழியில் சென்ற் ஓல்பன்ஸ் விடுதியில் ஓவியர் வில்லியம் ஹோகார்த் அவரைக் கண்டு வரைந்தார். விரல்களில் எதையோ எண்ணிக்கொண்டு, பருத்த உடலோடு குறும்பாகப் பார்க்கும் அந்த அச்சுப் படம் ஒரு ஷிலிங் விலையில் அமோகமாக விற்றது. பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் என்ற வகையில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: இன்றுவரை லொவாட் என்றால் உலகம் காணும் முகம் அந்த ஒரு ஷிலிங் முகமே. அந்தப் படத்தில் பிரேசர் குலத்தின் விதவைகள் எவரும் இல்லை, டூனியின் அமீலியாவும் இல்லை. வரைந்தவர் மீது பிழையில்லை. அதற்குப் பின் வந்த எழுத்தாளர்கள் படத்துக்கு வெளியே பார்த்திருக்கலாம்.

அவர் களத்தில் வாளேந்தாதவர் என்பதால் வழக்கமான விசாரணைக்குப் பதிலாகப் பொதுமக்கள் சபை குற்றப்பிரேரணை கொண்டுவந்தது. 1747 மார்ச்சில் பிரபுக்கள் சபை வெஸ்ற்மினிஸ்டர் மண்டபத்தில் விசாரித்தது. இளவரசரின் செயலாளராயிருந்த ஜோன் மரே அரச தரப்புச் சாட்சியாக மாறினார். ஏறத்தாழ எண்பது வயதான, கண்ணும் காதும் மந்தமான கிழவர், சாட்சிகளை எதிர்கொள்ள வழக்கறிஞர் உதவியின்றித் தாமே வாதாட வேண்டியிருந்தது. அது அநீதி என்று அன்றே பலருக்குப் பட்டது. இத்தகைய வழக்குகளில் குற்றஞ்சாட்டப்பட்டவருக்காக வழக்கறிஞர் முழுமையாக வாதாட இடமளிக்கும் சட்டம் இதன் பின்னரே நிறைவேறியது. மரணதண்டனைக்குத் தகுதியான குற்றத்தைச் செய்தவருக்குங்கூட நியாயமான விசாரணை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. லொவாட்டின் பெயரால் உலகுக்குக் கிடைத்த நன்மை என்று ஒன்றைச் சொல்வதானால் இதைத்தான் சொல்வேன்.

ஏப்ரல் 9 ஆம் திகதி கோபுரக் குன்றில் தண்டனை நிறைவேறியது. வேடிக்கை பார்க்கக் கட்டிய பரண் ஒன்று இடிந்து விழுந்து இருபது பேரளவில் மாண்டார்கள். அவர் ஹொரேஸின் கவிதையை ஓதிவிட்டுத் தலையைக் கட்டையில் வைத்தார். பிரித்தானியாவில் உயிரோடு தலை துண்டிக்கப்பட்ட கடைசி மனிதர் அவரே. அந்தக் கட்டை இலண்டன் கோபுரத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.

சரி, முதுசம் என்னவாயிற்று? பட்டம் ஒழிக்கப்பட்டது. நிலம் பறிக்கப்பட்டு, 1752 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வேறு சில ஜக்கோபைற் ஆதனங்களோடு நிரந்தரமாக முடிக்கு இணைக்கப்பட்டது. மகன் சைமன் சரணடைந்து, 1750 இல் மன்னிப்புப் பெற்று, வழக்கறிஞரானார். 1752 இல் இன்வெரறியில் நடந்த புகழ்பெற்ற அப்பின் கொலை வழக்கில், பெரும்பாலோர் நிரபராதி என்று கருதும் ஜேம்ஸ் ஸ்டுவர்ட்டைத் தூக்குக்கு அனுப்பிய வழக்குத் தொடுநர் அணியில் அவரும் ஒருவர். அரசாங்கத்துக்குத் தம் விசுவாசத்தை நிரூபிக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இருந்தது. ஆனால் உண்மையான நிரூபணம் 1757 இல் வந்தது. ஒரு சாண் நிலமும் கையில் இல்லாத நிலையில், தந்தையின் பழைய குத்தகைக்காரர்களிடமும் அயலவர்களிடமுமாகச் சில வாரங்களில் நூற்றுக்கணக்கானோரைத் திரட்டினார். மொத்தம் ஆயிரத்து ஐந்நூறு பேரளவிலான படைப்பிரிவு உருவாயிற்று. அதுவே 78 ஆவது பிரேசர் ஹைலண்டர்ஸ். குலொடனில் எந்த அரசாங்கத்துக்கு எதிராக நின்றார்களோ, அதற்காக 1758 இல் லூயிஸ்பேர்க்கிலும் 1759 இல் கியூபெக்கிலும் பிரெஞ்சுக்காரரோடு போரிட்டு மடிந்தார்கள். கியூபெக்கில் அவர்களுக்குத் தளபதி ஜேம்ஸ் வுல்ஃப். குலொடனில் எதிரணியில் இருந்த அதே வுல்ஃப். ஹைலண்டர்கள் விழுந்தால் பெரிய கேடில்லை என்ற கருத்துப்பட நண்பருக்கு ஒருமுறை கடிதம் எழுதியவரும் அவரே.

1774 இல் பாராளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, இருபதாயிரம் பவுணுக்குச் சற்று மேற்பட்ட தொகையைச் செலுத்தும் நிபந்தனையில் நிலத்தை ஜெனரல் சைமன் பிரேசருக்குத் திருப்பிக் கொடுத்தது. இணைக்கப்பட்ட ஏனைய ஆதனங்களின் வாரிசுகள் 1784 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவருக்கு மட்டும் பத்து ஆண்டுகள் முந்திக் கிடைத்ததற்குக் காரணம், அந்தப் படைப்பிரிவே. அரசாங்கம் கேட்ட பணத்தை ஜெனரல் கொடுத்தார். உயிர்களைக் கொடுத்தவர்கள் குத்தகைக்காரர்கள். அடுத்த ஆண்டே அமெரிக்கப் போருக்காக 71 ஆவது படைப்பிரிவையும் அவர் திரட்டிக் கொடுத்தார். தாம் கடல்கடந்து செல்லவில்லை. 78 ஆவது பிரிவு 1763 இல் கலைக்கப்பட்டபோது பலர் ஊர் திரும்பாமல் கனடாவிலேயே குடியேறிவிட்டார்கள். கியூபெக் மாகாணத்தில் பிரெஞ்சு மட்டுமே பேசும் பிரேசர் குடும்பங்கள் இருப்பதன் பின்னணி இதுவே.

ஜெனரல் 1782 இல் பிள்ளையின்றி இறந்தார். தம்பி ஆர்ச்சிபோல்ட்டுக்கு ஐந்து ஆண் பிள்ளைகள். ஐவரும் தந்தைக்கு முன்பே இறந்தார்கள். 1815 இல் அவரும் இறந்ததோடு, சைமன் பிரேசரின் நேர்வழி முதுசத்தை ஆள எவரும் எஞ்சவில்லை. எந்த மகள் வழியைத் தள்ளுவதற்காக 1696 இல் அந்த உறுதி எழுதப்பட்டதோ, அந்தப் போராட்டத்தின் பயன் இரண்டே தலைமுறை நின்றது. நிலம் மிகத் தூரத்துக் கிளையான ஸ்ட்ரிக்கன் பிரேசர்களைச் சேர்ந்தது. 1837 இல் அவர்களுக்குப் புதிய லொவாட் பட்டம் வழங்கப்பட்டது. பின்னர் பழைய பட்டத்தின் மீதான தடையும் நீக்கப்பட்டது. அந்தக் கிளையில் வந்தவர்தான், 1944 ஜூன் 6 ஆம் திகதி நோர்மண்டிக் கரையில் தம் பாக்பைப் கலைஞரை வாசிக்கச் சொல்லிக்கொண்டு கொமாண்டோப் படையோடு இறங்கிய லொவாட். 1994 மார்ச்சில் அவருடைய புதல்வர்கள் இருவர் இரண்டு வாரத்துக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள், ஒருவர் தன்சானியாவில் காட்டெருமை தாக்கி, மூத்தவர் மாரடைப்பால். மறு ஆண்டு அவரும் காலமானார். கடன் சுமையில் போஃபோர்ட் மாளிகை 1995 இல் விற்கப்பட்டது. பட்டம் பேரனிடம் சென்றது.

வோர்ட்லோவுக்குச் செல்பவர்களுக்கு அந்த ஈயப் பெட்டியைக் காட்டி, கிழட்டு நரியின் கதையைச் சுவையாகச் சொல்வார்கள். சொல்லட்டும். கேட்பவர்கள், டூனி மாளிகையில் 1697 இல் நடந்ததையும் விரிவாகச் சொல்லும்படி வழிகாட்டியிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.